கெட் அப், கெட் பை, கிவ் இன்

ஜூன் 2, திங்கள்

இன்று முதல் நான் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். சொன்னது ஆங்கில வகுப்பு ஜெனிஃபா மிஸ். வயது இருபத்து நான்குக்கு மேல் இருக்காது. இருபத்திரண்டு வருடமாகப் பாளையங்கோட்டை சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற சங்கரநயினார் ஆகிய நான், நாற்பத்தாறு வயதில், பேக்கரிக்கு மேல் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணை 'மிஸ்' என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. கீழேயிருந்து தேங்காய் பன் வாசனை வேறு.

விஷயம் இதுதான். என் மனைவி உலகம்மை நர்ஸ். பதினான்கு மாதமாக இங்கிலாந்தில், லீட்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். பத்து வயது மகள் தர்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அவர்களோடு போய்ச் சேர வேண்டுமென்றால், ஒரு தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து ஏழெட்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசித் தேற வேண்டும். பிப்ரவரியில் ஒரு தடவை போனேன். தேறவில்லை. தேர்வாளர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் யார்தான் தேறுவார்கள்? அடுத்த தேர்வு ஜூன் 27, சென்னையில்.

மிஸ் இரண்டு சட்டம் வைத்திருக்கிறாள். ஒன்று, தினமும் ஐந்து ஃப்ரேசல் வெர்ப். அதாவது, ஒரு வினைச்சொல்லின் வாலில் அப், டவுன், இன், அவுட் என்று எதையாவது ஒட்டிவிட்டால் புது அர்த்தம் வந்துவிடுமாம். அந்த ஐந்தையும் வைத்து அன்றைக்கே டைரியில் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். இரண்டாவது சட்டம், வாக்கியம் சொந்த வீட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும், அதுவும் உண்மையாக இருக்க வேண்டும்.

"பொய் எழுதுனா மனசுல நிக்காது சார்," என்கிறாள்.

பத்திரம் எழுதுகிறவனிடம் வந்து உண்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஐந்து வரி, தனி நோட்டில். எனக்குத் தமிழில் இது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

ஜூன் 3, செவ்வாய்

இன்றைய ஐந்து: கெட் அப், கெட் இன், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் பை. எழுந்திருப்பதும் கெட். ஏறுவதும் கெட், இறங்குவதும் கெட். துக்கத்திலிருந்து தேறுவது, இருப்பதை வைத்துச் சமாளிப்பது எல்லாம் அதே கெட். உலகத்தையே ஆண்டவர்களிடம் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல். அதையே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போட்டுக்கொண்டு போகிறார்கள், ஒரே சட்டைக்காரன் மாதிரி.

வகுப்பில் எட்டுப் பேர். ஆறு பேர் நர்சிங் படித்த பெண்கள். ஏழாவது ஆள் செந்தூர்பாண்டி, டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். கன்னியாகுமரிக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் பேச வேண்டுமாம். அவன் ஆங்கிலத்தைக் கேட்டால் வெள்ளைக்காரர்கள் கடலில் குதித்துவிடுவார்கள். "ஐ கெட் அப் ஃபைவ், மை வேன் நாட் கெட் அப்," என்று இன்று சத்தமாகச் சொன்னான். மிஸ் கைதட்டினாள். வெட்கம் என்பதே கிடையாது அந்த ஆளுக்கு.

என் நோட்டில் எழுதியது: நான் ஆறு மணிக்கு எழுகிறேன். (ஏழு மணிக்குத்தான் எழுகிறேன். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது.)

ஜூன் 4, புதன்

கரண்ட் போய்விட்டது. வகுப்பு இல்லை. கடவுள் இருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

மனதில் இருந்ததை இன்று வகுப்பில் கேட்டே விட்டேன். "மிஸ், இது ஒரு மொழியா? ஒரு 'புட்'டை வச்சிக்கிட்டு புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித்னு ஊரையே ஏமாத்துதாங்களே?"

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், நம்ம 'போடு' எப்படி? கோலம் போடு, ஊசி போடு, சண்ட போடு, மொட்ட போடு, டீ போடு, நாமம் போடு. எல்லாத்துக்கும் ஒரே போடுதான?"

நர்ஸ் பெண்கள் சிரித்தார்கள். செந்தூர்பாண்டி, "அண்ணாச்சிக்கே ஒரு போடு போட்டாச்சு!" என்று கத்தினான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். தாகம்தான், வேறொன்றுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சாயங்காலம் வீடியோ கால். தர்ஷிகாதான் முதலில் வந்தாள்.

"அப்பா, வி ரன் அவுட் ஆஃப் இட்லி மாவு!"

"தமிழ்ல சொல்லு."

"மாவு தீந்து போச்சுப்பா. அம்மா திரும்பவும் ஊறப் போட்டுருக்காங்க. நாங்க லைப்ரரிக்குப் போறோம். ஐ ஹேவ் டு கிவ் பேக் மை புக்."

கிவ் பேக்! பெற்ற அப்பனிடமே. அவளை அனுப்பிவிட்டு உலகம்மையைக் கூப்பிடச் சொன்னேன். முகம் கழுவித் துடைத்துக்கொண்டே வந்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். அல்லது அந்த ஊர் வெளிச்சமோ என்னவோ.

"கிளாஸ்க்கு போறீங்களா?"

"போறேன் போறேன். பெரிய பல்கலைக்கழகம் அது."

"கேலி பண்ணாதீங்க. ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும். இந்த தடவயும் வரலன்னா நான் வேலய விட்டுட்டு அங்க வந்துருதேன். ரெண்டு ஊருல ஒரு குடும்பம் நடத்த என்னால முடியல. தர்ஷிகா ஸ்கூல்ல படம் வரைஞ்சா, அதுல நீங்க இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் கவலப்படாத," என்றேன்.

போனை வைத்துவிட்டு முனைக்கடைக்குப் போய் நான்கு பரோட்டா சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பசி.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி. பஜ்ஜி சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

பகலில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி கடைசித் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட்டான். உட்காரச் சொன்னேன். "தம்பி, கடசித் தாள்ல மட்டும் போட்டுட்டு போறவன் சாட்சி. நீங்க எழுதிக் குடுக்கவரு. ஒவ்வொரு தாளுக்கும் அடியில போடணும். இதுல உள்ளதெல்லாம் உண்மை, எனக்கு சம்மதம்னு அதுக்கு அர்த்தம்." முணுமுணுத்துக்கொண்டே போட்டான். பதினாறு தாள். ஜனங்களுக்குச் சொத்து மட்டும் வேண்டும், சம்மதிக்கக் கை வலிக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மாதிரித் தேர்வு. மிஸ் ஒரு மேஜையைப் போட்டுத் தேர்வாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். என்னிடம் கேட்டது: டெல் மி அபௌட் யுவர் ஹோம்.

வீட்டைப் பற்றிச் சொல்லத் தெரியாதவனா நான்? ஆயிரக்கணக்கான வீடுகளை எழுதியிருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். மை ஹவுஸ், நார்த் ஆஃப் கார்ப்பரேஷன் டிரெய்னேஜ். சவுத் ஆஃப் மாடசாமி ஹவுஸ். வெஸ்ட் ஆஃப் ரோடு. ஈஸ்ட் ஆஃப் வேகன்ட் சைட். வித் டோர், விண்டோ, ஒன் வெல், டூ கோகனட் ட்ரீ.

வகுப்பு முழுதும் விழுந்து விழுந்து சிரித்தது. செந்தூர்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, பத்திரம் முடிச்சாச்சு. அப்படியே சாவியயும் குடுத்துருங்க," என்றான்.

ஒரு வீட்டை நான்கெல்லை சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இந்தக் கூட்டத்துக்கு என்ன தெரியும்? எல்லை எழுதாமல் வாங்கிவிட்டுப் பத்து வருடம் கோர்ட்டு வாசலில் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "வெளிய உள்ளதெல்லாம் சொல்லிட்டீங்க சார். வீட்டுக்குள்ள யாரு இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"நோபடி," என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

உலகம்மைக்கு டியூட்டி. தர்ஷிகா மட்டும் பேசினாள். பக்கத்து வீட்டுக் கேரளாக்காரம்மா பார்த்துக்கொள்கிறாளாம்.

"அப்பா, ஒரு சீக்ரெட். அம்மாவ டீம் லீடரா போடப்போறாங்க. ஆனா அம்மா நோ சொல்லப்போறாங்க."

"ஏன்?"

"மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். அம்மா சொன்னாங்க, அப்பா வரமாட்டாங்க, நம்மதான் போகணும், பெறகு எதுக்கு டீம் லீடர்னு. ஃபார்ம டிராயர்ல வச்சிருக்காங்க. டீம் லீடர்னு சொன்ன வாரம் முழுக்க அம்மா பாட்டு பாடிட்டு இருந்தாங்கப்பா. இப்ப பாடல."

அப்பா வரமாட்டாங்க என்றுதான் சொன்னாளாம். தேறமாட்டாங்க என்று சொல்லவில்லை.

சந்தோஷம்தான். திரும்பி வருகிறார்கள். எழுதி வைக்கிறேன்: சந்தோஷம். சமையல்காரம்மா வைத்துவிட்டுப் போன ரசத்தில் உப்பு இல்லை. அதைக் கொட்டிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் மிஸ் என்னை நிறுத்தினாள். என் நோட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"சார், பத்து நாளா நீங்க எழுதுனதுல ஒண்ணாவது உங்க வீட்டு விஷயமா? தி பஸ் புரோக் டவுன். தி கரண்ட் வென்ட் ஆஃப். தி மில்க் பாய்ல்ட் ஓவர். இதெல்லாம் ஊருல நடக்கது."

"பாலு எங்க வீட்டுலதான் பொங்குச்சு மிஸ்."

"உலகம்மை அக்கா இப்படி எழுதவே மாட்டாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த உலகம்மை என்று கேட்டேன்.

"உங்க வீட்டு அக்காதான் சார். இங்கதான படிச்சாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, செவ்வா வெள்ளி சாயங்காலம். உங்களுக்குத் தெரியாதா? உங்கள இங்க சேக்கச் சொன்னதே அவங்கதான்."

செவ்வாய், வெள்ளி அவள் கோயிலுக்கு அல்லவா போவாள். நெற்றியில் குங்குமத்தோடு திரும்பி வருவாள். அதைச் சொன்னேன்.

மிஸ் கதவுப் பக்கம் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் காட்டினாள். "குங்குமம் பையில வச்சிருப்பாங்க சார். அந்தக் கண்ணாடில பாத்து வச்சிட்டுதான் படி இறங்குவாங்க. நீங்க கேலி பண்ணுவீங்கன்னு சொன்னாங்க."

நான் கேலி செய்ததே இல்லை. திருத்தியிருக்கிறேன். சாப்பிடும்போது 'ஐ ஆம் லுக் ஆஃப்டர்' என்பாள். நான் அதே மாதிரி சொல்லிக் காட்டுவேன். தர்ஷிகா சிரிப்பாள். ஒரு குடும்பத்தில் இதுகூட இருக்கக்கூடாதா? தானும் சிரித்துவிட்டு எழுந்து தண்ணீர் எடுக்கப் போவாளே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோயில் பெயரைச் சொல்லி ஆங்கிலம் படிக்கிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

எறும்பு. அடுப்பங்கரை முழுக்க. சமையல்காரம்மா, "சீனி டப்பாக்கு அடியில பாருங்க, அங்கதான் கூடு கட்டிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பார்க்கச் சொல்லத் தெரிகிறது, பார்க்கத் தெரியவில்லை. நானே அலமாரியிலிருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கினேன். எங்கள் அடுப்பங்கரையில் இத்தனை டப்பா இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

அலமாரித் தட்டுகளில் தாள் விரித்திருந்தது. என் தாள்தான். அடித்துத் திருத்திய பத்திர நகல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவேன், அதைத்தான் விரித்திருந்தாள். எறும்பைத் தட்டலாமென்று ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் அவள் கையெழுத்து. எல்லாவற்றின் பின்பக்கமும். பதினொரு தாள். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை. ஓரத்தில் மிஸ்ஸின் சிவப்பு மை 'குட்'.

முன்பக்கம் எவனோ ஒருவன் எவனுக்கோ எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம், என் எழுத்தில். பின்பக்கம் தினம் ஐந்து வீதம் என் மனைவி. நான் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அடுப்பங்கரை என்று தெரிந்து அங்கே வைத்திருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதி வைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் சொன்னதை எழுதிக்கொடுத்தவன்தானே.

கெட் அப். நான் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். என் கணவர் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறார். ஆறு என்று ஊரில் சொல்வார்.

ரன் அவுட் ஆஃப். நேற்று கேஸ் தீர்ந்துவிட்டது. என் பொறுமை இன்னும் தீரவில்லை.

லுக் டவுன் ஆன். என் கணவர் எல்லாரையும் மட்டமாகப் பார்க்கிறார். கடைக்காரர், டாக்டர், டிரைவர், சொந்தக்காரர்கள், நான்.

லாஃப் அட். சாப்பிடும்போது என் ஆங்கிலத்தைக் கேட்டு அவர் சிரிப்பார். மகளும் சிரிப்பாள். பிறகு அவள் மட்டும் அடுப்பங்கரைக்கு வந்து என்னைக் கட்டிக்கொள்வாள்.

புட் அப் வித். நான் பொறுத்துக்கொள்கிறேன்.

கெட் பை. நான் இல்லாமலே சமாளித்துக்கொள்வாராம். அவருக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது.

பேக் டவுன். அவருக்குப் பயம் வந்தால் கேலி பேசுவார். பயம் என்று ஒத்துக்கொண்டு ஒருநாளும் பின்வாங்க மாட்டார்.

கிவ் இன். அவர் இறங்கி வரமாட்டார். நான்தான் எப்போதும் இறங்கிப் போகிறேன்.

இப்படியே பதினொரு தாள். கடைசித் தாளில் ஐந்து இல்லை, ஒன்றுதான் இருந்தது.

கம் அலாங். நான் போனால் அவரும் கூட வர வேண்டும். அவர் இல்லாமல் எனக்கு எந்த ஊரும் வேண்டாம்.

எறும்பு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அழுதேன்.

ஜூன் 21, சனி

முட்டை அவித்தேன். மூன்று வெடித்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு திருத்தம் எழுத வேண்டும். ஜூன் 2-ஆம் தேதி எழுதியது தவறு. தேர்வாளர் முணுமுணுக்கவில்லை.

தெளிவாகத்தான் கேட்டார். வாட் இஸ் யுவர் நேம் என்று கேட்டார். என் பெயர் எனக்குத் தெரியாதா? அதை ஆங்கிலத்தில் சொல்லக்கூடத் தெரியாத அளவுக்கு நான் மட்டி இல்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் மூன்று தரம் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், பயப்பட வேண்டாம் என்றார். ஏழு நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

நான் தேறாவிட்டால் அவள் திரும்பி வந்துவிடுவாள். அதுதான் என் எண்ணம். அந்த ஊரில் நான் யார்? இங்கே வாசலில் நாலு பேர் 'ரைட்டர் சார்' என்று எழுந்து நிற்கிறார்கள். அங்கே பால் வாங்கவே பத்து வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்னைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால்? அந்தப் பயத்தில், அவள் கஷ்டப்பட்டு ஏறின படியிலிருந்து அவளைக் கீழே இழுக்கப் பார்த்தேன். வாய் திறக்காமலே இழுத்தேன். ஊரை மட்டமாகப் பேசுகிற வாய் இது. அது திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை. தூ!

இன்று அவள் கால் வந்தது. தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கிளாஸ்க்கு போறேன்," என்று மட்டும் சொன்னேன்.

"சரிங்க," என்றாள். அந்தச் 'சரிங்க'வில் நம்பிக்கை துளிகூட இல்லை. குறை சொல்ல முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

நேற்றும் இன்றும் செந்தூர்பாண்டி வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து பேசிப் பழகினேன். நான்தான் போய்க் கேட்டேன். அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. தப்பாகச் சொன்னால் ஹாரன் அடிப்பான். முருகன்குறிச்சி தாண்டுவதற்குள் ஊரே காதைப் பொத்திக்கொண்டது.

"உங்களுக்கு பயமே கிடையாதா?" என்று கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி இல்லாம? முதல் தடவ ஒரு வெள்ளக்காரம்மா ஏதோ கேட்டுச்சு, நான் வண்டிக்கு அடியில போயி படுத்துக்கிட்டேன், ரிப்பேர் பாக்க மாதிரி. பாவம், அது வெயில்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குத்தான் நெனச்சேன், நம்ம வெக்கத்துக்கு அது ஏன் வெயில்ல நிக்கணும்?"

இவனைப் பற்றி மூன்றாம் தேதி எழுதியதை அடித்துவிடலாமென்று பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும், நான் யாரென்று அதுவே காட்டட்டும்.

ஜூன் 27, வெள்ளி, சென்னை

ரயிலில் திரும்பும்போது எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

இந்தத் தடவை ஒரு அம்மாள், நரைத்த தலை. பெயர் கேட்டாள். சொன்னேன். என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம் அதே கேள்வி: டெல் மி அபௌட் யுவர் ஹோம்.

தலைக்குள் எல்லாம் காலி. வாயைத் திறந்தேன், வந்தது என்ன? நார்த் ஆஃப் கார்ப்பரேஷன் டிரெய்னேஜ். சவுத் ஆஃப் மாடசாமி ஹவுஸ். நான்கெல்லையும் சொல்லி, இரண்டு தென்னை மரத்தையும் நட்டுவிட்டுத்தான் நின்றேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் லேசில் போகுமா?

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். அண்ட் இன்சைட், என்றாள். உள்ளே?

நான் மெதுவாகச் சொன்னேன். உள்ளே ஒரு அடுப்பங்கரை. என் மனைவி நாலரை மணிக்குக் கெட் அப். நான் ஏழு மணிக்குக் கெட் அப். அங்கே அவள் ஆங்கிலம் படித்தாள். நான் லாஃப் அட். அவள் புட் அப் வித். இப்போது அவள் லீட்ஸில். அவள் இல்லாமல் ஐ கேனாட் கெட் பை. மூன்று முட்டை வெடித்துவிட்டது. ஐ வான்ட் டு கம் அலாங். ஐ கிவ் இன்.

இலக்கணம் எங்கெங்கே உடைந்ததோ தெரியாது. அந்த அம்மாள் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தது. அதை எழுதி வைக்கத் தோன்றுகிறது: என்னைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையிலேயே முடிவு வந்துவிட்டது. தேர்ச்சி. மிஸ்ஸுக்கு ஒரு டஜன் தேங்காய் பன். செந்தூர்பாண்டி வேன் ஹாரனை அடித்து பேக்கரிக்காரரிடம் திட்டு வாங்கினான்.

உலகம்மை டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். மாசக் கடைசி இன்றுதான்.

"ஏளா, பாஸாயிட்டேன். அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டு குடுத்துரு."

"எந்த ஃபார்மு? அந்தக் கழுத சொல்லிட்டாளா?" என்றாள். பிறகு, "நெசமாவா? நெசமா பாஸா?" என்று மூன்று தரம் கேட்டாள். "என்ன கேட்டாங்க?"

"வீட்ட பத்தி."

"அய்யய்யோ. நாலெல்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

சிரித்தாள். மாதக் கணக்காயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அடுப்பங்கரைல எறும்பு வந்துச்சு. தட்டுல விரிச்சிருந்த தாள எடுத்தேன்."

போனில் அங்கே ஒரு பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"படிச்சீங்களா?"

"பதினொண்ணும்."

"அது கிளாஸ்க்கு எழுதுனதுங்க. ஏதோ அப்ப இருந்த கோவத்துல. மனசுல வச்சிக்கிடாதீங்க. கிழிச்சி போட்ருங்க."

"அது எப்படி கிழிக்க? எல்லாத் தாள்லயும் அடியில கையெழுத்து போட்டுட்டேன்."

பத்திர எழுத்தன் பெண்டாட்டி அவள். பதினைந்து வருடம் என்னோடு இருந்தவள். கேட்டாள்:

"என்னன்னு போட்டீங்க? சாட்சின்னா?"

"இல்லளா. எழுதிக் குடுக்கவன்னு."